1972 அம்பாசடர் மார்க் 2: எதை மாற்றலாம், எதை மாற்றாமல் விடலாம்

கேள்வி இதுதான்: தாத்தா பெயரில் இருக்கும் 1972 மாடல் மார்க் 2 அம்பாசடர் பல வருடமாக ஷெட்டில் நிற்கிறது. எஞ்சின் சுற்றவில்லை, தரைத் தகடு துருப்பிடித்துவிட்டது. இசுசு எஞ்சின், டிஸ்க் பிரேக், ஏசி மூன்றும் போட்டு ஓட்ட வேண்டும். எதில் தொடங்குவது?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். அதில் உள்ள சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பென்சிலால் தேய்த்து எடுத்துப் பாருங்கள். தனியார் கார் பதிவு 15 வருடத்துக்கு. அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31. லட்சக்கணக்கில் செலவு செய்து முடித்த பிறகு நம்பர் பொருந்தவில்லை என்று தெரிந்தால் வண்டி ஷெட்டுக்குள்ளேயே நிற்க வேண்டியதுதான். டிங்கரிங் பட்டறையில் நம்பர் பொறித்த இடத்தைக் கிரைண்டர் போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலை. முதல் நாளே அந்த இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்.

இசுசு எஞ்சின் பற்றிய முடிவும் இந்தக் காகிதத்தோடு சேர்ந்ததே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. எஞ்சினை மாற்றுவதற்கு ஆர்டிஓ அனுமதி வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே சொன்னது. இன்னொரு பக்கம், 2021-இல் வந்த விண்டேஜ் விதிகளின்படி 50 வயதைத் தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ எழுத்துள்ள தனி நம்பர் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருடம், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். உங்கள் வண்டி வயதில் தேறிவிட்டது. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் அசலாக இருந்தால்தான் தருவார்கள். விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்டவும் கூடாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு என்று சில காரணங்களுக்கு மட்டுமே. தினமும் ஓட்டுவதாக இருந்தால் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்து வைத்திருங்கள்.

என் கருத்து: 1489 சிசி எஞ்சினை வைத்துக்கொள்ளுங்கள். 1990-களின் தொடக்கத்தில் அம்பாசடரைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியே அதில் 1817 சிசி இசுசு பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் போட்டு விற்றது, அதனால் வேலை முடியாததல்ல. ஆனால் எஞ்சின் மவுன்டிங், புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம், ரேடியேட்டர், கிளட்ச் இணைப்பு, தரையில் கியர் லீவருக்கான துளை எல்லாம் சேர்ந்து மாறும். கூடவே பழைய டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு அந்த வேகத்தில் போவது ஆபத்து. மாற்ற வேண்டிய முதல் இடம் பிரேக், அடுத்தது வயரிங், மூன்றாவது ரேடியேட்டர். எஞ்சினை அசல் அளவுக்குக் கட்டினால் போதும்.

கழற்றும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் தனி ஜிப் கவர், கவரின் மேல் இடமும் பக்கமும் எழுதிய சீட்டு, கழற்றுவதற்கு முன் மொபைலில் போட்டோ. நட்டு போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு: 7/16, 1/2, 9/16 ஏ.எஃப். (நட்டின் எதிரெதிர்த் தட்டைப் பக்கங்களுக்கு இடையேயான அளவு). அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ.; 13 நம்பர் ஸ்பேனர் உட்காருவது போலத் தெரியும், துருப்பிடித்த நட்டில் பலம் கொடுத்ததும் மூலை மழுங்கிவிடும். ஏ.எஃப். சாக்கெட் செட் ஒன்று வாங்குவது முதல் செலவு.

முன் சஸ்பென்ஷனில் காயில் ஸ்பிரிங் கிடையாது, நீளவாட்டில் ஓடும் டார்ஷன் பார் (முறுக்குண்டு ஸ்பிரிங் போல வேலை செய்யும் எஃகுத் தண்டு) இரண்டு. எடுப்பதற்கு முன் இரு முனையிலும் பாரையும் அது உட்காரும் இடத்தையும் சேர்த்துப் பஞ்ச் வைத்துக் குறியிடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இடது பாரை வலதில் போடக் கூடாது: பல வருடம் ஒரே திசையில் முறுக்குண்ட எஃகு, எதிர்த் திசையில் முறுக்கினால் உடைய வாய்ப்பு அதிகம். பாரின் மேல் சுத்தியல் அடி, கிரைண்டர் கீறல் எதுவும் படக் கூடாது. கீறல் விழுந்த இடத்தில்தான் விரிசல் தொடங்கும். சுத்தம் செய்து பெயிண்ட் அடித்துத் துணி சுற்றி வையுங்கள். டிரனியன் புஷ், டை ராடு எண்ட், ஸ்டியரிங் ரேக்கின் ரப்பர் பூட் மூன்றையும் பார்க்காமலே புதிதாகப் போட்டுவிடலாம்.

பாடி வேலைக்குத்தான் பணமும் நாளும் அதிகம் போகும். அம்பாசடருக்கு அடியில் தனி ஃபிரேம் கிடையாது, பாடியே பாரத்தைத் தாங்கும் மோனோகாக் வகை. தரையும் கதவுக்குக் கீழே ஓடும் சைடு பெட்டியும்தான் வண்டியின் எலும்பு. பெயிண்ட் குமிழ் விட்ட இடத்தை மட்டும் பார்த்து மதிப்புப் போடாதீர்கள். வண்டியைத் தூக்கி, டார்ஷன் பாரின் பின் முனையைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டம், பின் லீஃப் ஸ்பிரிங் ஹேங்கர், ஸ்டெப்னி வைக்கும் குழி, முன் வீல் ஆர்ச்சின் உள்பக்க மேல் மூலை, கண்ணாடி பீடிங்கின் கீழ் மூலை, கதவின் அடி மடிப்பு எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. குறுக்குச் சட்டமும் ஸ்பிரிங் ஹேங்கரும் இரண்டுமே போயிருந்தால், வேறு நல்ல பாடி உள்ள வண்டியாகத் தேடுவது மலிவு. தாத்தா வண்டி என்பதால் விட மனமில்லாவிட்டால் அது வேறு கணக்கு.

தரையை வெட்டும் முன் கதவுச் சட்டங்களுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாகக் குழாய் வைத்து, பாடி அசையாதபடி ஸ்பாட் வெல்டிங் வைக்க வேண்டும். கதவுகளைக் கழற்றாமல் மாட்டியபடியே வைத்து, ஒவ்வொரு வெல்டிங்குக்குப் பிறகும் கதவு இடைவெளியைப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாத பட்டறைகளில் என்ன நடக்கும் என்றால், இரண்டு பக்க சைடு பெட்டியையும் ஒரே நேரத்தில் வெட்டுவார்கள், பாடி நடுவில் ஓரிரு மில்லிமீட்டர் தொய்யும், வெல்டிங்கில் தைத்து முடித்த பிறகு பின் கதவு பூட்டாது. அதற்கப்புறம் கதவை அடித்து வளைப்பார்கள். ஒரு பக்கம் முழுக்க முடித்த பிறகே அடுத்த பக்கம்.

தரைக்கு 18 கேஜ் சி.ஆர். (கோல்டு ரோல்டு) தகடு, அதாவது சுமார் 1.2 மி.மீ.; வெளித் தோலுக்கு 20 கேஜ். கேஸ் வெல்டிங் வேண்டாம், சூட்டில் தகடு அலை அலையாகிவிடும். மிக் வெல்டிங்கில் 0.8 மி.மீ. வயர், ஒரு அங்குலம் தைத்ததும் வேறு இடத்துக்குப் போய், ஆறிய பிறகு திரும்பி வர வேண்டும். பழைய துருவின் மேல் புதுத் தகடு ஒட்டுவது பட்டறைகளில் சர்வ சாதாரணம். இரண்டு தகட்டுக்கு நடுவில் ஈரம் நின்று சில மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்து போகும். நல்ல தகடு தெரியும் வரை வெட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். தைத்து முடித்த மூட்டுகளில் சீலன்ட், மூடிய பெட்டிகளுக்குள் குழாய் விட்டு மெழுகு. சென்னை போன்ற கடலோர ஊரில் சுரண்டிய தகட்டை ஒரு ராத்திரி வெறுமனே விட்டாலே காலையில் மஞ்சள் பூத்திருக்கும். அன்றன்றைக்குச் சுரண்டிய இடத்துக்கு அன்றன்றைக்கே எபாக்சி பிரைமர். பட்டி அதன் மேல்தான், 2–3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கடைசிக் கலர் கோட்டை எஞ்சின் ஏறி, வண்டி ஓடி, கழற்றி மாட்டும் வேலையெல்லாம் முடிந்த பிறகு அடித்தால் கீறல் மிச்சம்.

இனி பிரேக். 1972 வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று: ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போச்சு. டிஸ்க் போடாவிட்டாலும் பரவாயில்லை, முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாக ஓடும் டேண்டம் மாஸ்டர் சிலிண்டரைக் கட்டாயம் போடுங்கள். எஃகு பைப் லைன்கள் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும், முழுவதையும் மாற்றுங்கள். ஏசி வேலைக்கு விற்கும் சாதாரண செம்புக் குழாயைச் சில இடங்களில் போட்டுவிடுவார்கள். அது அதிர்வில் இறுகி விரிசல் விடும். செம்பு-நிக்கல் கலந்த பிரேக் பைப், முனையில் இரட்டை ஃபிளேர் (இரண்டாக மடித்து விரித்த வாய்) வேண்டும்.

டிஸ்க் வேண்டுமென்றால் பிந்தைய அம்பாசடர் மாடலிலிருந்து ஸ்டப் ஆக்சில், ஹப், டிஸ்க், காலிப்பர், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே வண்டியின் செட்டாக எடுங்கள். காலிப்பரை மட்டும் வாங்கிப் பிளேட் வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம். தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. காலிப்பர் பிஸ்டன் பெரியது, அதற்கு நிறைய பிரேக் ஆயில் வேண்டும். பழைய சிறிய மாஸ்டர் சிலிண்டரோடு சேர்த்தால் பெடல் தரை வரை இறங்கும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் லைனில் கொஞ்சம் பிரஷரை நிறுத்தி வைக்கும் வால்வு இருக்கும். அது டிஸ்க் லைனில் இருந்தால் பேடு எப்போதும் உரசிக்கொண்டே, பத்து கிலோமீட்டரில் ஹப் கைவைக்க முடியாமல் சுடும். மூன்றாவது, முன் பக்கப் பிடிமானம் கூடியதும் பாரம் முன்னால் சாய்ந்து பின் டிரம் சீக்கிரம் லாக் ஆகி வண்டியின் பின்பக்கம் சுழலப் பார்க்கும். அதற்குப் பின் லைனில் பிரஷர் குறைக்கும் வால்வு வேண்டும். பிரேக் லைனிலிருந்து காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.

டயர் அசல் அளவு 5.90-15, நைலான் கிராஸ்பிளை. ரேடியல் போட்டால் நேரோட்டம் நன்றாக இருக்கும், நிறுத்திய இடத்தில் ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும். பழைய ரிம்மில் டியூப்லெஸ் டயரின் விளிம்பைப் பிடித்து வைக்கும் மேடு இருக்காது என்பதால் ரேடியலிலும் டியூப் போட்டே ஓட்டுங்கள்.

வயரிங்கை ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை. ஐம்பது வருட ரப்பர் காப்பு மடக்கினாலே உதிரும். பழைய அமைப்பில் இரண்டே ஃபியூஸ், ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. புது ஹார்னஸ் கட்டும்போது பழைய கலர் முறையையே வைத்துக்கொண்டால் பின்னால் யார் வேலை பார்த்தாலும் புரியும்: பேட்டரி பவர் பிரவுன், சாவி திறந்ததும் வருவது வெள்ளை, அதே லைன் ஃபியூஸ் தாண்டினால் பச்சை, ஹை பீம் நீலம்-வெள்ளை, லோ பீம் நீலம்-சிவப்பு, பார்க்கிங் சிவப்பு, எர்த் கறுப்பு. 60 வாட் எச்4 பல்பு இரண்டு சேர்ந்தால் 10 ஆம்பியர். அதைப் பழைய ஸ்விட்ச் வழியாக ஓட்டாமல் ரிலே வழியாக 2.5 சதுர மி.மீ. வயரில் கொடுங்கள். ரிலே போட்டதும் அதே பல்பு கண்கூடாகப் பிரகாசமாக எரியும்.

டைனமோவின் அதிகபட்சம் 20 ஆம்பியர் சொச்சம், ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 35 ஆம்பியருக்கு மேல் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் போடுவது நல்ல மாற்றம். டைனமோவைப் பத்திரமாக வைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம். இரண்டு எச்சரிக்கை. பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் பூட்டப்பட்டிருந்தால் முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி இக்னிஷன் காயில் முனைகளையும் இடம் மாற்றுங்கள். அப்படியே ஆல்டர்னேட்டரை இணைத்தால் டயோடு ஒரு நொடியில் எரியும். டேஷ்போர்டில் ஆம்மீட்டர் இருந்தால் முழுக் கரன்டும் அதற்குள்ளேதான் போகும், அதை விலக்கிவிட்டு வோல்ட்மீட்டர் வையுங்கள். பாயிண்டை (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் மறைந்துவிடும் மாற்றம்தான். பாயிண்டையே வைத்துக்கொண்டால் இடைவெளி 0.38 மி.மீ.

எஞ்சின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் வகை, போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ., மூன்று மெயின் பேரிங். சுற்றாத எஞ்சினை ஸ்டார்ட்டர் கொடுத்தோ வண்டியைத் தள்ளியோ உடைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூடி டீசலும் ஆட்டோ டிரான்ஸ்மிஷன் ஆயிலும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் ஊறவிட்டு, ஹேண்டில் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். நகர்ந்தாலும் எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம், ஆனால் பிஸ்டனும் ராடும் அடிபடாமல் வெளியே வரும்.

லேத்துக்குக் கொடுக்கும் முன் பிளாக்கின் வெல்ச் பிளக்குகளை (தண்ணீர் ஓடும் பகுதியின் துளைகளை அடைக்கும் தகட்டு மூடிகள்) தட்டி எடுத்து உள்ளே பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் நான்காம் சிலிண்டரைச் சுற்றிச் சேறு கல்லாக இறுகியிருக்கும். ஓவர்ஹீட்டுக்கு ரேடியேட்டரைக் குறை சொல்லி இரண்டு மூன்று முறை மாற்றியவர்கள் உண்டு. சேறு பிளாக்குக்குள் இருந்தது.

சிலிண்டர் தேய்மானம் 0.15 மி.மீ.க்கு மேல் என்றால் ரீபோர், அதாவது சிலிண்டரைப் பெரிதாகக் கடைய வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன் 10, 20, 30, 40 தவ் என்று வரும் (ஒரு தவ் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பிஸ்டனைக் கையில் வாங்கி லேத்துக்காரரிடம் கொடுத்து அதன் அளவுக்கே போர் பண்ணச் சொல்லுங்கள். முதலில் போர் பண்ணிவிட்டு பிஸ்டன் தேடினால் கடைக்கு ஒரு அளவாக இருக்கும். ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் விட்டு, முனை இடைவெளி 0.3 மி.மீ. அளவில் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜில் பாருங்கள். ஒன்றோடொன்று முட்டினால் சூட்டில் ரிங் உடைந்து சிலிண்டரைக் கிழிக்கும். மெயின் பேரிங் போல்ட் 70 பவுண்டு-அடி, பிக் எண்ட் (ராடு கிராங்கில் பூட்டும் முனை) 35 பவுண்டு-அடி. டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் எஞ்சின் கட்டக் கூடாது.

ஹெட்டில் ஒரு வேலை கட்டாயம். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் வந்தது. இந்தியாவில் 2000-இல் அது நின்றுவிட்டது. ஹெட்டிலேயே வெட்டிய வார்ப்பிரும்பு வால்வு சீட், ஈயம் இல்லாத பெட்ரோலில் சூடான எக்ஸாஸ்ட் பக்கம் தேய்ந்து உள்ளே இறங்கும், டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ளது) குறைந்துகொண்டே வரும். கடினப்படுத்திய சீட் வளையம் நான்கு எக்ஸாஸ்டுக்கும் அடித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது.

டாப்பெட் 0.38 மி.மீ. வைக்க எளிய வழி ஒன்பது கணக்கு. முன்னாலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். எட்டாம் வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது ஒன்றாவதை வையுங்கள், ஆறு திறந்தால் மூன்று, நான்கு திறந்தால் ஐந்து. எப்போதும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்.

பின் பக்கம் ஆயில் ஒழுகல் இந்த எஞ்சினின் பிறவிக் குணம். கிராங்கின் பின் முனையில் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் சுருள் வெட்டு மட்டும்தான். நின்ற இடத்தில் சில சொட்டு விழுவது இயல்பு. அதற்கு மேல் ஒழுகினால் முதலில் எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்; உள்ளே காற்றழுத்தம் ஏறினால் எந்தச் சுருளும் ஆயிலை நிறுத்தாது.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயஃபிரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் ஊறிப் பிசுபிசுத்துவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸும் விட்டான் (பெட்ரோல் தாங்கும் செயற்கை ரப்பர்) முனை வைத்த நீடில் வால்வும் போடுங்கள். கலவை ஒல்லியாவதால் கார்புரேட்டரைச் சற்று ரிச்சாக வைக்க வேண்டும். நிறுத்தி வைக்கும் வண்டியில் டேங்கை நிரப்பி வையுங்கள், பாதி டேங்கில் ஈரம் இறங்கும்.

ஏசியைப் பொறுத்தவரை, ஐம்பது குதிரைத்திறன் சொச்சமுள்ள எஞ்சினிலிருந்து கம்ப்ரஸர் நான்கைந்தைப் பிடுங்கிக்கொள்ளும். ஆல்டர்னேட்டர், கூடுதல் வரிசை வைத்த செம்பு ரேடியேட்டர், எலக்ட்ரிக் ஃபேன் மூன்றும் போட்டு, ஒரு சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் டெம்பரேச்சர் ஊசி நடுவிலேயே நிற்கிறதா என்று பார்த்த பிறகு ஏசியை யோசியுங்கள். நிற்காவிட்டால் ஏசியைக் கைவிட்டு, கால் பக்கத்துத் தீச்சுவரில் (எஞ்சினையும் உள்பக்கத்தையும் பிரிக்கும் தகடு) உள்ள துளைகளை கிராமெட் என்னும் ரப்பர் வளையம் போட்டு அடைத்து, தரைக்கும் தீச்சுவருக்கும் சூடு தடுக்கும் ஷீட் ஒட்டுங்கள். உள்ளே வரும் சூட்டில் பெரும்பகுதி அந்தத் துளைகள் வழியாகத்தான் வருகிறது.

கியர் லீவர் கொளகொளவென்று ஆடினால் கியர் பெட்டியைப் பிரிக்கச் சொல்வார்கள். ஸ்டியரிங் தண்டிலிருந்து பெட்டிக்கு வரும் இணைப்புக் கம்பிகளின் புஷ் தேய்ந்திருப்பதே வழக்கமான காரணம், சில நூறு ரூபாய் வேலை.

பாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும், அங்கே கிடைக்காத பாடி பாகங்களுக்குக் கொல்கத்தா மல்லிக் பஜார். வாங்கும் ரப்பர் எதுவானாலும் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பழைய ஸ்டாக் வெடித்திருக்கும்.

முதல் முறை கிளப்பும்போது பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் கேஜில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் அதன் மேல் உரசும் ஃபாலோயரும் புதிதாகப் போட்டிருந்தால், கிளம்பியதும் ஐட்லிங்கில் விடாமல் 2,000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட வேண்டும். ஐட்லிங்கில் கேமின் மேல் ஆயில் தெறிப்பது போதாது. ஆயில் 20டபிள்யூ-50 மினரல், சிந்தெட்டிக் வேண்டாம். சூடான எஞ்சினில் ஓட்டத்தில் 40–50 பிஎஸ்ஐ, ஐட்லிங்கில் 15-க்குக் குறையாமல் இருந்தால் கட்டிய வேலை சரி. 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளைக் குளிர்ந்த எஞ்சினில் மறுபடி டார்க் பண்ணி, டாப்பெட்டைத் திரும்பப் பாருங்கள். ஹெட் இறங்கினால் டாப்பெட்டும் மாறியிருக்கும்.